கொழுந்தனுக்குக் கடலும் மலையும்

அந்தமானுக்குப் போவோம்னு நான் சொன்னது கடலைப் பாக்கதுக்கும் இல்ல, கலர் கலரா மீனைப் பாக்கதுக்கும் இல்ல. என் கொழுந்தன் கைலாசம் என்ன சொல்லுதான்னு பாக்கதுக்கு. அவ்வளவுதான். வாரேன் மதினின்னு சொல்லட்டும், இல்ல வரல மதினின்னு சொல்லட்டும், ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா எனக்குப் போதும். காலையில இட்லிக்கு உக்காந்திருக்கும்போது பேச்செடுத்தேன். லீவுக்கு நாலு பேருமாப் போவோம் கைலாசம், அண்ணனும் நானும், நீயும் வடிவும், ஹேவ்லாக் தீவுல ஸ்நார்க்கலிங், முகத்துல கண்ணாடியை மாட்டி வாயில குழாயைக் கவ்விக்கிட்டுக் கடல்ல குப்புற மிதக்கணும், கீழ பவளப்பாறை பூந்தோட்டம் கணக்கா தெரியுமாம், பொறவு வடக்குத் தீவுல ஒரு மலை, காட்டுக்குள்ள நடந்தே ஏறணும், உச்சிக்குப் போனா சுத்திக் கடலாத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவன் இட்லியைப் பிக்காம மொளகாப்பொடியில விரலை வச்சு வட்டம் போட்டுக்கிட்டே இருந்தான். என்னை நிமிந்து பாக்கல, பொண்டாட்டி வடிவைப் பாத்தான். அவ தண்ணிச் சொம்பைப் பாத்தா. ஆபீஸ்ல கேட்டுட்டுச் சொல்லுதேன் மதினி. ஞாயித்துக்கிழமை எந்த ஆபீஸ்ல போயி யாரைக் கேக்கப் போற, கூறுகெட்டவனே. சரிப்பா கேளு, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள டிராவல்ஸ்காரர் போன் பண்ணுவாரு, கடலுக்கு எத்தனை பேரு மலைக்கு எத்தனை பேருன்னு அவருக்குச் சொல்லணும்னேன். எந்திரிச்சு ரூமுக்குள்ள போனவன்தான். அவளும் பின்னாலயே போயிட்டா. சத்தம் கேக்கக் கூடாதுன்னு கதவைப் பைய சாத்துனாங்க. பைய சாத்துனாலும் எனக்குக் கேக்கும். இந்த வீட்ல ஒரு கதவு சாத்துறது எனக்குக் கேக்காம இருந்ததே கிடையாது.

இப்ப நான் அடுப்படியில சொதிக்குத் தேங்காய்ப் பால் பிழிஞ்சுக்கிட்டு நிக்கேன். அத்தை தென்காசியில மக வீட்டுக்குப் போயிருக்காங்க, இங்க இருந்திருந்தா கடலு மலைன்னு நான் வாயே தொறந்திருக்க முடியாது. பொண்டாட்டி வயித்துல பிள்ளை இருந்தா புருஷங்காரன் கடல்ல குளிக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது. எல்லா வீட்லயும் உள்ள சட்டந்தான், பல வீட்ல அது பேச்சோட சரி, எங்க அத்தை வீட்ல அப்படிக் கிடையாது. நாத்தனா மாசமா இருந்தப்போ அவ புருஷன், நாலு பேரை அதட்டி வேலை வாங்குற அதிகாரி, திருச்செந்தூர்ல அலை கால்ல படாமத் தள்ளி மணல்ல பயந்து போய் நின்னாரு பாக்கணும். நாழிக்கிணத்துத் தண்ணியை மட்டும் தலையில ஊத்திக்கிட்டு சாமி கும்பிட்டுட்டு வந்துட்டாரு. கைலாசம் அம்மா கிழிச்ச கோட்டைத் தாண்டாத பிள்ளை. அதான் யோசிச்சேன். பொம்பளைக்கு நூறு சாக்கு இருக்கு, தண்ணின்னா பயம், சளி பிடிக்கும், துணி இல்ல, எப்படியும் தப்பிச்சுக்கிடுவா. ஆம்பளைக்குச் சாக்கு ஏது. கடலும் மலையும் ஒண்ணா இருக்க ஊராத் தேடுனேன், அந்தமான் வந்துச்சு. வரலன்னு அவன் சொல்லட்டும், அவ வயித்துல இருக்கு. வாரேன்னு சொல்லட்டும், இல்ல. லிட்மஸ் தாள் மாதிரி. பிளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கவ நான். மாசா மாசம் சாமான் வாங்கும்போது அவளுக்கும் எனக்கும் சேத்துத்தான் நாப்கின் வாங்கிப் போடுதேன், பாத்ரூம் அலமாரியில அவ பாக்கெட்டு பிரிக்காம அப்படியே உக்காந்திருக்கு. சொதின்னா உசிரை விடுதவ, போன வாரம் தேங்காய்ப் பால் வாசத்துக்கு மூக்கைப் பொத்திக்கிட்டுக் கொல்லைக்கு ஓடுனா, இஞ்சித் துவையலை மட்டும் வழிச்சு வழிச்சுத் தின்னா. என்னளான்னு கேட்டா அசிடிட்டியாம் அக்கா. ஆசிட்டைப் பத்தி என்கிட்டயே சொல்லுதா. அதனாலதான் இன்னைக்கும் சொதி. வரட்டும், இலை முன்னால உக்காரட்டும், எத்தனை தடவை எந்திரிச்சு ஓடுதான்னு பாக்கேன்.

ரெண்டாம் பால்ல காயெல்லாம் வெந்துட்டு, முதப் பாலை ஊத்தின பொறவு கொதிக்க விடக் கூடாது, திரிஞ்சு போகும், பக்கத்துலயே நிக்கணும். ஹால்ல எங்க வீட்டுக்காரரு பேப்பரை நெஞ்சுல கவுத்துப் போட்டு உறங்குதாரு. பால்வண்ணன். அந்த மனுஷன் ஏறாத மலை கிடையாது. அமாவாசைக்கு அமாவாசை சதுரகிரி, வருஷத்துக்கு ஒரு தடவை சபரிமலை, ஆபீஸ் கூட்டாளிங்களோட வெள்ளியங்கிரி, பொதிகை. கடலைக் கேக்கவே வேண்டாம், திருச்செந்தூர்ல முங்குனா எருமை கணக்கா ஏறி வர மாட்டாரு. ஒரு மனுஷனும் அவரைப் பாத்து ஏறாதேன்னு சொன்னதில்ல, குளிக்காதேன்னு சொன்னதில்ல. புளியோதரையும் தண்ணி பாட்டிலும் வச்சுப் பை கட்டிக் குடுக்கவளே நான்தான். அவரு செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல இறங்கும்போது எதுத்த வீட்டுக்காரி சதுரகிரிக்கா அண்ணாச்சின்னு கேப்பா, இவரும் ஆமாம்மான்னு சிரிப்பாரு, தெருவுக்கே தெரிஞ்சு போகும், இந்த மாசமும் செம்பகத்துக்கு ஒண்ணும் இல்லன்னு. அது அவருக்குத் தெரியுமா? தெரியாது. ஆம்பளைக்கு மலை வெறும் மலைதான். ஒரே ஒரு தடவை ஏறல. கல்யாணமாகி நாலாம் வருஷம். கட்டி வச்ச பையை அவரே பிரிச்சு, புளியோதரையை எடுத்து மேசையில வச்சு, நான் போகல செம்பகம்னாரு. அந்தப் புளியோதரையை ரெண்டு பேருமா ஒரே தட்டுல தின்னோம். அவ்வளவு ருசியா நான் எதையும் தின்னதில்ல. பொறவு எல்லாம் போச்சு. கரு சரியா வளரலம்மா, யாரு மேலயும் தப்பில்லன்னு டாக்டரம்மா சொன்னா. அத்தை விடுவாங்களா, தப்பைத் தேடிக் கண்டுபிடிச்சாங்க. தெரியிறதுக்கு முந்தி மாசி மகத்துக்குத் திருச்செந்தூர்ல முங்கிட்டு வந்தான்லா, அதான். நான் ஈரச் சேலையோட ஹாலுக்கு வந்து கோட்டிக்காரி கணக்கா கத்துனேன். உங்க மகன் உப்புத்தண்ணியில முங்குனா என் வயித்துல என்ன ஆகும், சோடியம் குளோரைடுக்கு என் வீட்டு அட்ரஸ் தெரியுமா? அன்னையில இருந்து நான் இந்தக் கருமத்தை நம்புறது கிடையாது. சத்தியமா. அடுத்த அமாவாசைக்கு அவரு சதுரகிரிக்குப் போனாரு. பை நான்தான் கட்டுனேன்.

நம்பாதவளுக்கு எதுக்கு இந்தச் சோதனைன்னு கேட்டா, அவன் நம்புறான்லா, அது போதாதா. சோதனைக் குழாய்ல இருக்கது எதையாவது நம்புதான்னு பாத்தா ஊத்துறோம்? உப்பு சரியா இருக்கான்னு ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு நக்கிப் பாத்தேன், சரியாத்தான் இருக்கு, நாக்குதான் சரியில்ல. இருந்தா என்ன செய்வேன்? வரல மதினின்னு சொல்லிட்டான்னா? சிரிக்கணும். சந்தோஷம் கைலாசம், வாய்க்கு இனிப்பு போடுங்கன்னு ஜீனியை அள்ளிட்டு வரணும். பொறவு ஏழாம் மாசம் வரும். மணவடை போட்டு வடிவை உக்கார வைப்பாங்க, பட்டுச்சேலை, ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் வளையல், வந்தவளெல்லாம் கன்னத்துல சந்தனத்தைப் பூசுவா. நான் எந்திரிச்சு ஒரு எட்டு வைக்கும்போது அத்தை வருவாங்க, காதோரமா, நீ அடுப்படியைப் பாத்துக்கோம்மா, நீ பாத்தாத்தான் பாயசம் நல்லா இருக்கும்பாங்க. அன்பாத்தான் சொல்லுவாங்க. திட்டுனா திருப்பித் திட்டலாம், அன்புக்கு நான் எங்க போவேன்? பாயசத்தைக் கிண்டிக்கிட்டு நிக்கணும், ஹால்ல பாட்டுச் சத்தம் கேக்கும். வடிவு கெட்டவளா இருந்திருந்தா எவ்வளவு நிம்மதி. சண்டைக்காரியா, சோம்பேறியா, வாயாடியா ஒருத்தி வந்திருந்தா நானும் மனசு விட்டு வெறுத்திருப்பேன். இவ வந்து ஒரு வருஷம் ஆகல, எனக்குத் தலைவலின்னா தைலத்தை எடுத்துக்கிட்டு வந்து தலைமாட்டுல உக்காந்துருதா. விரலு என்ன மெத்துன்னு இருக்கு தெரியுமா. சவம், அந்த விரலை ஒடிச்சுப் போடணும் போல வரும். அப்படியே கண்ணை மூடி உறங்கியும் போயிருவேன். நேத்து போன்ல வீடியோ பாத்தேன், அந்தமான்ல ஒருத்தன் குப்புற மிதக்குதான், கையும் காலும் அசையல, முதுகு மட்டும் தண்ணிக்கு மேல, பாத்தா பொணம் கணக்கா இருக்கு, பொறவு குழாய் வழியாப் புஸ்ஸுன்னு தண்ணி வந்துச்சு, ஆளு உசிரோடதான் இருக்கான். அவன் இடத்துல கைலாசத்தை வச்சுப் பாத்தேன். குழாய்ல தண்ணி வரல. சீ. நான் கையைப் பிடிச்சு எட்டாங்கிளாஸ் கணக்குச் சொல்லிக் குடுத்த பிள்ளை அவன். என்ன நினைப்பு இது, மூதி.

அடுப்பை அணைச்சுட்டு, துவைச்ச துணி வாளியை எடுத்துக்கிட்டுக் கொல்லைக்குப் போனேன். கேக்கணும்னு போகல. கொடி அங்கனதான் இருக்கு, அவங்க ரூம் ஜன்னலும் அங்கனதான் இருக்கு, அதுக்கு நான் என்ன செய்ய. கேக்கணும்னும்தான் போனேன், சரி. முதல்ல அவன் குரல். எளா, அம்மைக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போடுவா. கடலு வேற, மலை வேற, ரெண்டும் சொல்லி வச்ச மாதிரி. வரலன்னு சொல்லிருதேன். அவ சொன்னா, வரலன்னு சொன்னா அடுத்த நிமிஷம் அக்கா கண்டுபிடிச்சிருவாங்க. அவங்க என்ன சின்னப்பிள்ளையா. மூணு மாசம் முடியட்டும், நானே பக்கத்துல உக்காந்து பக்குவமாச் சொல்லுதேன், இப்பத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. எவ்வளவு ஆசையா ஊரெல்லாம் பாத்து வச்சிருக்காங்க, பாவம்ங்க. நீங்க போய்க் கடல்ல இறங்கிட்டு வாங்க, நான் கரையில அக்கா கூட இருந்துக்கிடுதேன். பொறவு அவன், அழுதானோ என்னமோ, குரலு ஒரு மாதிரி இருந்துச்சு, எனக்குப் பயமா இருக்கு வடிவு, நம்ம பிள்ளைக்கு ஏதும் ஆயிட்டுன்னா? ஆகாதுங்க. காந்திமதி அம்மைக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சிருக்கேன். தெரிஞ்சே தப்புச் செய்யுதோம், ஒரு உசுரு நோகக் கூடாதுன்னுதான் செய்யுதோம், நீதான் பாத்துக்கிடணும்னு சொல்லி முடிஞ்சிருக்கேன். அக்காவுக்கும் சேத்துத்தான் முடிஞ்சிருக்கேன்.

கையில அவளோட நைட்டிதான் இருந்துச்சு. பிழியாத துணி, தண்ணி முழங்கை வழியா இறங்கி இடுப்புக்குள்ள போகுது, அப்படியே நிக்கேன். இருக்கு. சரி, இருக்கு. அது எனக்கு ஏற்கனவே தெரியும், அலமாரியைத் தொறந்த அன்னைக்கே தெரியும், அது அடியில்ல. பாவம்ங்க. அதுதான் அடி. நேத்து வந்தவ, நான் கோலம் போட்டு ஆரத்தி எடுத்து உள்ள கூட்டிட்டு வந்தவ, என்னைப் பாவம்னு சொல்லுதா. வேற எவளா இருந்தாலும் இந்நேரம் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதிருப்பா. அவங்க நம்புறபடி பாத்தா, என் மனசு நோகக் கூடாதுன்னு வயித்துல இருக்க பிள்ளையையே பணயம் வைக்காங்க. எந்த மதினிக்கு எந்தக் கொழுந்தன் இப்படிச் செய்வான்? எந்த ஓரகத்தி செய்வா? எனக்கு அது செருப்பால அடிச்ச மாதிரி இருக்கு. நான் அவ்வளவு கேவலமாவா இருக்கேன், என்னைப் பாத்தா அவ்வளவு பரிதாபமாவா இருக்கு, வயித்துப் பிள்ளையைக் குடுத்தாவது என்னைச் சிரிக்க வைக்கணும்னு தோணுற அளவுக்கா? எனக்கும் சேத்து முடிஞ்சாளாம். யாரு கேட்டா? என் பேரைச் சொல்லி காந்திமதி அம்மைகிட்டப் பிச்சை கேக்க அவளுக்கு யாரு உரிமை குடுத்தது? நைட்டியை உதறிக் கொடியில போட்டேன், கிளிப்பை மாட்டுனேன். சரி, செம்பகம், போதும், நிறுத்து. ஒரே ஒரு பேச்சுதான். அந்தமான் வேண்டாம்ப்பா, வெயிலு, பேசாம குத்தாலத்துக்குப் போயிட்டு வருவோம்னு சொன்னா முடிஞ்சு போச்சு. குத்தாலம் அருவி, கடலும் கிடையாது, மலை ஏறவும் வேண்டாம். அவனும் மூச்சு விடுவான், அவளும் மூச்சு விடுவா, எனக்குத் தெரியும்னு யாருக்கும் தெரியாது. பெரியவ நான்தான், நான்தான் விட்டுக் குடுக்கணும். சொல்லிருதேன். குத்தாலம், குத்தாலம்னு மனசுக்குள்ள ரெண்டு மூணு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டேன். வாயில நல்லாத்தான் வந்துச்சு.

ஹாலுக்கு வந்தா மூணு பேரும் இருக்காங்க. எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு முகம் கழுவிட்டு வந்து உக்காந்திருக்காரு. கைலாசம் தலையை நல்லாப் படிய வாரி, கல்யாணத்துக்குப் போறவன் கணக்கா நிக்கான். வாரோம் மதினி, ஆபீஸ்ல பிரச்சினை இல்லன்னுட்டாங்க. பொய் சொல்லும்போது அவனுக்குக் காது சிவந்துரும், சின்ன வயசுல இருந்தே. சொல்லு, குத்தாலம்னு சொல்லு. வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள வடிவு ஓடி வந்து என் கையைப் பிடிச்சுட்டா. ஐயோ அக்கா, சேலையெல்லாம் ஈரம், நீங்க எதுக்குத் துணியெல்லாம் காயப் போட்டுக்கிட்டு, உக்காருங்க, செத்த நேரம் சும்மா உக்காருங்க, நான் பாத்துக்கிடுதேன். மெதுவா, ஒவ்வொரு சொல்லா, சீக்காளிக்குச் சொல்லுத மாதிரி. முந்தானையை எடுத்து என் முழங்கையைத் துடைச்சா. அந்த மெத்து விரலு. அக்கா ஆசைப்பட்ட இடத்துக்கு நாம எல்லாரும் போறோம், சந்தோஷமா இருக்கணும் நீங்க, அதுதான் எங்களுக்கு வேணும்னா. அப்பப் பாத்து போன் அடிச்சுது. டிராவல்ஸ்காரர்தான். ஸ்பீக்கர்ல போட்டேன்.

மேடம், ஃபைனல் பண்ணிரலாமா, கடலுக்கு எத்தனை பேரு, மலைக்கு எத்தனை பேரு? நான் பதில் சொல்லுததுக்கு முந்தி கைலாசம் கிட்ட வந்தான். மதினி, மலையை மட்டும் விட்ருவோமா, முட்டு ஒரு மாதிரி வலிக்கி. கெஞ்சுதான். பாதியாவது விட்டுக் குடுன்னு எங்கிட்ட பேரம் பேசுதான், கடலை எடுத்துக்கோ, மலையை விட்ருன்னு. எங்க வீட்டுக்காரரும் விவரம் தெரியாம, வலிக்கின்னா விட்ரு செம்பகம், நான் ஏறுதேன்னாரு. நான் ஏறுதேன்! இந்த மனுஷன் ஏறுதாராம்! அந்த நிமிஷத்துல எனக்கு ஒண்ணு தெரிஞ்சு போச்சு. நான் நம்புறேன். உப்புத்தண்ணிக்கு அட்ரஸ் தெரியும். மலைக்கும் தெரியும். அத்தையை விட, கைலாசத்தை விட, இந்த வீட்லயே நான்தான் அதிகமா நம்புறேன், நம்பிக்கிட்டேதான் இத்தனை வருஷம் பை கட்டியிருக்கேன். நம்பாதவ சொன்னா இது வெறும் டூர். நம்புறவ சொன்னா இது என்னன்னு எனக்குத் தெரியும். உடம்பெல்லாம் குளுந்து போச்சு, ஆனா குரலு நல்லா வந்துச்சு, கிளாஸ்ல வர்ற குரலு. இந்த வயசுல உனக்கு என்னப்பா முட்டுவலி, சும்மா இரு. சார், எழுதிக்கோங்க, கடலுக்கு என் கொழுந்தன். மலைக்கும் அவன்தான். கடல் ஒரு நாள் போதுமா மேடம்? ரெண்டு நாள் இறக்குங்க சார், கரையோரமா வேண்டாம், நல்ல ஆழமான இடமாப் பாத்து.

கைலாசம் செவுத்தைப் பாத்துத் திரும்பிட்டான். வடிவு இன்னும் என் பக்கத்துலதான் நிக்கா, கை என் தோள்மேல இருக்கு. சரிங்க மேடம், கடைசியா ஒண்ணு, படகுக்காரங்க கேப்பாங்க, எல்லார்கிட்டயும் கேக்கதுதான், வர்றவங்கள்ல யாருக்காவது இருதயக் கோளாறு இருக்கா? இல்ல. ஆபரேஷன் ஏதும் பண்ணியிருக்கா? இல்ல. யாரும் மாசமா இருக்காங்களா? தோள்மேல இருந்த கை லேசா இறுகுச்சு. எங்க வீட்ல அப்படி யாரும் கிடையாது சார்னேன். சொல்லிட்டு, வடிவு பக்கம் திரும்பி அவ முகத்தை நேராப் பாத்தேன். கிடையாதுலா வடிவு, அவருக்குக் கேக்கும்படியா நீயே சொல்லிரு. போனை அவ வாய்க்கு நேரா நீட்டுனேன். அவ என்னைப் பாத்து, நான் நோகக் கூடாதுன்னு, அவ்வளவு பிரியமாச் சிரிச்சா. இல்லங்க, ஒண்ணும் இல்லன்னு தன் வாயாலயே சொன்னா.